பேசாத குழந்தையின் சாட்சியம்: திருமுழுக்கும் சட்டமும் குறித்துச் சில குறிப்புகள்

குழந்தைத் திருமுழுக்கு குறித்து நண்பர்களிடையே சில வாரங்களாக நடந்துவரும் உரையாடலை ஒட்டி இந்தப் பதிவை எழுதுகிறேன். சற்று நீண்ட பதிவு; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். எனக்கு இறையியல் பயிற்சியோ சட்டப் பயிற்சியோ கிடையாது. மொழியியல் பயின்றவர் என்ற முறையில், இந்த விவாதத்தில் கவனிக்கப்படாமல் போகும் ஒரு மொழிச் சிக்கலை முன்வைக்க விரும்புகிறேன்.

உரையாடல் தொடங்கிய பின்னணியை, சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலுடன், அடையாளங்களைத் தவிர்த்துச் சொல்கிறேன். ஹைதராபாத்தில் பணிபுரியும் தெலுங்கு நண்பர் ஒருவரின் குடும்பம் அண்மையில் புதிய சபையொன்றில் சேர்ந்தது. கடலோர ஆந்திரத்தில் உள்ள அவர்களது பூர்விகச் சபை பாப்டிஸ்டு மரபைச் சேர்ந்தது. இப்போது செல்வது தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயம். முன்னதில் கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு கிடையாது. பின்னதில் அதுவே வழக்கம். நண்பரின் மனைவி திருமுழுக்குப் பெற்றவர். நண்பர் சபைச் சூழலில் வளர்ந்தவர் என்றாலும் இன்றுவரை பெறாதவர். அவரது சான்றிதழ் அவரைப் பட்டியல் சாதியினர் என்கிறது. நான்கு மாதக் குழந்தைக்குப் புதிய சபையில் திருமுழுக்கு என்று முடிவானதும் வீட்டில் இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. குழந்தை வளரட்டும், தானே வாய்திறந்து கேட்கட்டும், அப்போது கொடுக்கலாம் என்றார் பாட்டி. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் நாளை சான்றிதழ் கேட்கும்போது என்ன பதில் சொல்வீர்கள் என்றார் சித்தப்பா.

பாட்டியின் கேள்வி இறையியல் சார்ந்தது. சித்தப்பாவின் கேள்வி சட்டம் சார்ந்தது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே வினாதான்: அந்தச் சடங்கில் பேசுபவர் யார்? இவ்வினாவுக்குத் திருச்சபைகள் நூற்றாண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றன. நம் சட்டமோ இதைக் கேட்காமலேயே கடந்துசெல்கிறது. குழந்தைக்கு அளிக்கப்பட்ட திருமுழுக்கை, வளர்ந்தபின் அவரது சொந்த மத அறிவிப்பாகக் கொள்வது மொழி அடிப்படையிலும் நீதி அடிப்படையிலும் பிழை என்பதே என் நிலைப்பாடு.

1. கொடுத்தலும் எடுத்தலும்

இந்திய மொழிகளில் இச்சடங்குக்கு வழங்கும் பெயர்கள் பல. தமிழில் கத்தோலிக்கர் இன்று திருமுழுக்கு என்கின்றனர். சீர்திருத்தச் சபையினர் ஞானஸ்நானம் என்கின்றனர். கேரளத்தில் வழங்கும் மாமோதீசா சுறியானியிலிருந்து வந்த சொல். கன்னடத்தில் தீக்ஷாஸ்நானம். தெலுங்கின் பாப்திஸ்மமும் இந்தியின் பப்திஸ்மாவும் கிரேக்கச் சொல்லின் ஒலிபெயர்ப்புகள்.

பெயர்கள் இவ்வாறு வேறுபட்டாலும், அவற்றோடு சேரும் வினைகளில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. 'குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம்' என்கிறோம். பெந்தெகொஸ்தே சபையில் முதிர்வயதில் மூழ்கி எழுந்த ஒருவர் 'நான் ஞானஸ்நானம் எடுத்தேன்' என்கிறார். தெலுங்கில் 'இச்சு', 'தீசுகொனு'. இந்தியில் 'தேனா', 'லேனா'. கைக்குழந்தையைப் பற்றி 'அது போன ஞாயிறு ஞானஸ்நானம் எடுத்தது' என்று யாரேனும் சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். 'எடு' என்னும் வினை, தானே விரும்பி முன்வரும் ஒரு வினைமுதலை வேண்டுகிறது. 'கொடு' என்னும் வினையில் குழந்தை நான்காம் வேற்றுமை ஏற்று, பெறுபவராக மட்டும் நிற்கிறது. பெரும் கோட்பாடு எதுவும் இல்லாமலேயே பேச்சுவழக்கு இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காத்துவருகிறது.

இச்சடங்குக்குரிய சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே சான்று உண்டு. 1830களில் கல்கத்தாவின் பாப்டிஸ்டு மறைப்பணியாளர்களான வில்லியம் யேட்ஸும் டபிள்யூ. எச். பியர்ஸும் வங்க மொழிப் புதிய ஏற்பாட்டில் அக்கிரேக்கச் சொல்லை 'மூழ்குதல்' என்னும் பொருள்படப் பெயர்த்தனர். அப்படிப் பெயர்த்தால், தலையில் நீர் வார்த்துக் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும் சபைகளின் வழக்கம் கேள்விக்குள்ளாகும். பிரித்தானிய, அமெரிக்க விவிலியச் சங்கங்கள் அம்மொழிபெயர்ப்புக்கு நிதி தர மறுத்தன. விளைவாக 1836இல் அமெரிக்க பாப்டிஸ்டுகள் தனிச் சங்கம் கண்டனர்; 1840இல் லண்டனிலும் பாப்டிஸ்டுகளின் மொழிபெயர்ப்புச் சங்கம் ஒன்று உருவாயிற்று. வங்கத்தின் ஒரு வினைச்சொல்லுக்காக இரு கண்டங்களில் அமைப்புகள் பிளவுற்றன. குழந்தைக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைச் சபைகள் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டன என்பதை இது உணர்த்துகிறது.

2. சபைகள் தந்த விடை

மொழியியல் மாணவர்களுக்கு ஜே. எல். ஆஸ்டினின் 1955ஆம் ஆண்டு ஹார்வர்ட் உரைகள் அறிமுகமானவை, 1962இல் நூலாயின. சில கூற்றுகள் உலகை விவரிப்பதில்லை. சொல்லப்படுவதாலேயே ஒரு செயலை நிகழ்த்திவிடுகின்றன என்பது அவரது அடிப்படைக் கருத்து. அத்தகைய கூற்று நிறைவேற உரிய நபர், உரிய சொற்கள், உரிய சூழல் வேண்டும். அவை பொருந்தாதபோது என்னாகும் என்பதை விளக்க, பெங்குவின்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்த புனிதர் ஒருவரின் கதையை ஆஸ்டின் எடுத்தாள்கிறார். வகுப்பில் நாம் சிரித்துவிட்டுக் கடந்துபோகும் உதாரணம் அது.

ஆஸ்டினின் அளவுகோலின்படி குழந்தைத் திருமுழுக்கு முழுமையான செயல்தான். ஆனால் அந்தச் செயலைச் செய்பவர் எவர் என்பதைப் பாருங்கள். மேலைத் திருச்சபை மரபில் குருவானவர் தன்மை ஒருமையில், 'நான் உனக்கு' என்ற அமைப்பில் பேசுகிறார். சுறியானி உள்ளிட்ட கீழைத் திருச்சபை மரபுகளில் இன்னார் திருமுழுக்குப் பெறுகிறார் என்னும் படர்க்கைச் செயப்பாட்டு அமைப்பு வழங்குகிறது. முதலாவதில் குழந்தை முன்னிலையாக இருக்கிறது. இரண்டாவதில் இலக்கண எழுவாயாகிறது. இரண்டிலும் வினைமுதல் குழந்தையன்று. கேள்விகளுக்கு விடை சொல்வோரும் பெற்றோரும் ஞானப்பெற்றோருமே.

சபைகள் இதை மறைத்ததில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பெற்றோரில் ஒருவரேனும் இசைய வேண்டும், குழந்தை அந்நம்பிக்கையில் வளர்க்கப்படும் என்பதற்கு அடிப்படையுள்ள எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. ஆங்கிலிக்க மரபிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் வளர்ந்த பிள்ளை தன் வாயால் ஏற்றுக்கொள்வதற்கென்றே திடப்படுத்தல் என்னும் தனிச் சடங்கு உண்டு. குழந்தையே பேசிவிட்டது என்று சபை கருதியிருந்தால் அதற்குத் தேவையே இருந்திராது. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் சார்பில் 1982இல் பெருவின் லிமாவில் உருவான ஆவணமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது: முதிர்ந்தோர் திருமுழுக்கு தனிநபரின் வெளிப்படையான அறிக்கையை முன்னிறுத்துகிறது, குழந்தைத் திருமுழுக்கு சமூகத்தின் நம்பிக்கையை முன்னிறுத்துகிறது. இரண்டில் எதைப் பெற்றவருக்கும் மீண்டும் திருமுழுக்குக் கொடுக்கலாகாது என்றும் அது வலியுறுத்துகிறது.

1970 நவம்பரில் நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபை இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. அதில் இணைந்த ஆறு சபைகளுள் குழந்தைத் திருமுழுக்கைப் பேணியவர்களும் உண்டு, ஏற்காத பாப்டிஸ்டுகளும் உண்டு. இரண்டு நடைமுறைகளையும் மாற்று வழிகளாக ஒரே திருச்சபைக்குள் ஏற்றுக்கொண்டனர். சபை மாறும் குடும்பங்களுக்கு இது முன்மாதிரி. என் நண்பரின் தாயாரது தயக்கமும் புதிய சபையின் வழக்கமும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும் என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தியக் கிறித்தவர்கள் ஏற்றிருக்கிறார்கள்.

3. சட்டம் கேட்காத கேள்வி

இனி சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்திலிருந்து வேறுபட்ட மதத்தை 'புரொஃபெஸ்' செய்யும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கிறித்தவரான பட்டியல் சாதியினர் பி.சி.-சி பிரிவில் வைக்கப்பட்டுள்ளனர்; அப்பிரிவுக்கான இட ஒதுக்கீடு ஒரு விழுக்காடு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் பட்டியல் சாதித் தொகுதிகளில் போட்டியிடும் உரிமையும் அப்பிரிவினருக்கு இல்லை. ஆகவே சித்தப்பாவின் அச்சம் அற்பமானதன்று.

ஆணையின் உயிர்நாடியான அச்சொல்லை உற்றுநோக்குங்கள். 1964இல் பஞ்சாப்ராவ் எதிர் மேஷ்ராம் வழக்கில், ஒருவர் பௌத்தராகிவிட்டாரா என்ற வினாவை விசாரித்த உச்ச நீதிமன்றம், அச்சொல்லுக்கு வெளிப்படையாக அறிவித்தல் என்றே பொருள் கொண்டது. அகராதிப் பொருளும் அதுதான். அதன் இலத்தீன் மூலம் 'பலர் அறியச் சொல்லுதல்'. வியப்பு என்னவென்றால், கைக்குழந்தையைக் குறிக்கும் 'இன்ஃபன்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததே. இலத்தீனில் அதன் பொருள் 'பேச இயலாதவர்'. சொல்வரலாற்றை வைத்துச் சட்டத்தை எழுத முடியாது என்பதை அறிவேன். ஆயினும் இங்கே சொல்வரலாறும் நீதிமன்றம் கொண்ட பொருளும் பொது அறிவும் ஒரே திசையைக் காட்டுகின்றன: பேச இயலாதவர் பலர் அறியச் சொல்லியிருக்க முடியாது.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றை இப்பின்னணியில் வாசிக்க வேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், மேல்நிலை எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரினார். தந்தை இந்துவாகப் பிறந்தவர், தாய் கிறித்தவர். அப்பெண்ணுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே திருமுழுக்கு அளிக்கப்பட்டிருந்தது. தான் இந்து மதத்தைப் பின்பற்றுவதாக அவர் கூறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. இட ஒதுக்கீட்டுப் பயனுக்காக மட்டும் மதம் மாறியதாகக் கூறுவது அரசமைப்பின்மீது இழைக்கப்படும் மோசடி என்றது. நியாயமாகச் சொல்வதானால், திருமுழுக்குப் பதிவை மட்டும் வைத்து நீதிமன்றம் முடிவெடுக்கவில்லை. தேவாலயத்துக்குத் தவறாமல் சென்றுவந்தது, பெற்றோரின் திருமணப் பதிவு, மீள்மாற்றத்துக்குச் சான்று இன்மை ஆகியவற்றையும் கணக்கில் கொண்டது. ஆயினும் பேசத் தெரியாத வயதில் நிகழ்ந்த ஒரு சடங்கு, வளர்ந்த பெண்ணின் கூற்றை மறுக்கும் சான்றுகளின் வரிசையில் முதன்மையான இடம் பெற்றுவிட்டது. அதைப் பொய்யென நிறுவும் சுமை அவர்மீது விழுந்தது. தான் செய்யாத கூற்றை ஒருவர் எவ்வாறு திரும்பப் பெறுவார்?

இதே நாட்டில் நடப்பிலுள்ள மதமாற்றத் தடைச் சட்டங்களை அருகில் வைத்துப் பார்த்தால் முரண் இன்னும் துலங்கும். உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, மதம் மாற விரும்பும் முதிர்ந்தவர் 60 நாள்களுக்கு முன்பே மாவட்ட நிர்வாகத்திடம் தம் விருப்பத்தை எழுதித் தர வேண்டும்; மாறிய பின்னரும் ஓர் அறிவிப்புத் தர வேண்டும். அதாவது, பேசத் தெரிந்த ஒருவர் இரண்டு முறை பேசினாலும் அரசுக்கு ஐயம் தீர்வதில்லை. பேசவே தெரியாத குழந்தை பேசிவிட்டதாகக் கொள்வதிலோ எந்த ஐயமும் எழுவதில்லை. இரண்டு நிலைகளிலும் சொந்தக் குரலை இழப்பவர் பெரும்பாலும் தலித்தாகவே இருக்கிறார்.

இன்னோர் ஒப்பீடு. பட்டியல் பழங்குடியினருக்கு மத நிபந்தனை கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசோரம், நாகாலாந்து மாநிலங்களில் 87 விழுக்காட்டினர் கிறித்தவர். ஐஸ்வாலில் ஒரு மிசோ குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்படும்போது அது பழங்குடிச் சான்றிதழைப் பாதிப்பதில்லை. அதே நீர், அதே சொற்கள், அதே இறையியல். ஓங்கோலில் பிறந்த தலித் குழந்தைக்கு மட்டும் அச்சொற்கள் சட்டத்தில் வேறொரு பொருள் பெறுகின்றன.

4. மூன்று மறுப்புகள்

முதலாவது: எல்லாக் குழந்தைக்கும் பெற்றோரின் மதம்தானே வந்துசேர்கிறது, இதில் திருமுழுக்கை மட்டும் ஏன் தனித்துப் பேச வேண்டும்? உண்மை, எல்லாக் குழந்தைக்கும் வந்துசேர்கிறது. ஆனால் பெயர்சூட்டு விழாவோ காதணி விழாவோ முப்பது ஆண்டுகள் கழித்து எவருக்கும் எதிராகச் சான்றாக நிறுத்தப்படுவதில்லை. திருமுழுக்குக்கு எழுத்துப் பதிவேடு இருக்கிறது, அதற்குச் சட்ட விளைவும் இருக்கிறது. பிறப்புப் பதிவு பரவலாவதற்கு முன் வயதுச் சான்றாகப் பல குடும்பங்களுக்கு உதவிய அதே பதிவேடுதான் இன்று இப்படி வாசிக்கப்படுகிறது.

இரண்டாவது: சாதியை மறுக்கும் மதத்துக்குப் போனவர் சாதியின் பெயரால் சலுகை கேட்கலாமா? இட ஒதுக்கீட்டைச் சலுகை என்பதையே நான் ஏற்கவில்லை. அது ஒருபுறமிருக்க, மதம் மாறினால் சாதி நீங்கிவிடுகிறது என்பதைத் திருச்சபையே சொல்லத் துணியவில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனியிடம் ஒதுக்கப்படும் சமூகத்தில், ஞானஸ்நானத் தொட்டியின் நீர் சாதியைக் கழுவிவிட்டதாக அரசு மட்டும் நம்புகிறது.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது. முற்போக்கு நண்பர்கள் எழுப்புவது. இசைவு தர இயலாத குழந்தைக்கு மதச் சடங்கு செய்வதே வன்முறை, அதை நிறுத்திவிட்டால் சிக்கல் தீருமே என்கிறார்கள். நான் உடன்படவில்லை. பெயரையும் தாய்மொழியையும்கூட நாம் இசைவு கேட்காமலேயே குழந்தைக்குக் கொடுக்கிறோம். ஒரு சமூகம் தன்னிடம் உள்ளவற்றுள் சிறந்தது எனக் கருதுவதைப் பிறந்த உயிருக்குக் கொடுப்பது இயல்பு. தமிழ் கொடுக்கப்பட்ட குழந்தை பின்னாளில் தெலுங்கில் வாழலாம், தமிழை மறக்கவும் செய்யலாம்; அதனால் வாக்குத் தவறியவர் ஆகிவிடுவதில்லை. கொடுத்தலைக் கொடுத்தலாகவே கொண்டால் குழந்தைத் திருமுழுக்கில் வன்முறை எதுவும் இல்லை. அதை எடுத்தலாக மாற்றி வாசிக்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

5. என்ன செய்யலாம்?

அடிப்படையான தீர்வு மூன்றாம் பத்தியை நீக்குவதே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே இதைப் பரிந்துரைத்தது. கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான ஆணையமும் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்டது. ஆணையங்கள் மாறுகின்றன, பத்தி மாறவில்லை.

அதுவரையிலேனும் ஓர் எளிய விதியைக் கோரலாம். சான்றிதழ் வழங்கும் அதிகாரியும் நீதிமன்றமும், ஒருவர் 18 வயது நிறைவதற்கு முன் அவருக்குச் செய்யப்பட்ட எந்தச் சடங்கையும் அவரது மத அறிவிப்பாகக் கொள்ளலாகாது. வளர்ந்தபின் அவரே சொன்னதும் செய்ததும் மட்டுமே கணக்கில் வர வேண்டும். அவர் கிறித்தவர் என்றே சொன்னால் மூன்றாம் பத்தியின் அநீதி அப்படியே இருக்கும். அதை இந்த விதி தீர்க்காது. ஆனால் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் கூடுதல் அநீதியையேனும் இது நிறுத்தும்.

சபைகளுக்கும் கடமை உண்டு. புதிதாகச் சேரும் குடும்பத்திடம் முந்தைய சபையின் திருமுழுக்கைச் செல்லாதது என்று சொல்லும் வழக்கம் பல இடங்களில் பெருகிவருகிறது. ஒரே மனிதரின் பெயரில் இரண்டு மூன்று பதிவுகள் ஏறுகின்றன. ஒவ்வொரு பதிவும் நாளை யாரோ ஓர் அதிகாரியின் மேசையில் விரிக்கப்படலாம். திருமுழுக்குச் சான்றிதழில் குழந்தையின் வயதும், குழந்தைக்காக விடையளித்தோர் யார் என்பதும் தெளிவாக இருக்கட்டும். இந்தப் பதிவுக்குச் சட்டத்தில் என்ன விளைவு உண்டு என்பதை ஆயத்த வகுப்பிலேயே போதகர்கள் குடும்பத்தினரிடம் எடுத்துச் சொல்லட்டும். ஞானப்பெற்றோரின் பொறுப்புகளைப் பற்றி அரைமணி நேரம் பேசும் வகுப்பில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது கடினமன்று.

இறுதியாக, ஆய்வாளர்களாகிய நமக்கு. நீதிமன்றத் தீர்ப்புகளில் மதமாற்றம் எந்த வினைச்சொற்களால் விவரிக்கப்படுகிறது, குழந்தை எப்போது எழுவாயாக்கப்படுகிறது, யாருடைய கூற்று நேர்க்கூற்றாகவும் யாருடையது அயற்கூற்றாகவும் தரப்படுகிறது என்பவற்றை ஆராயத் தீர்ப்புகள் பொதுவெளியிலேயே கிடக்கின்றன. சமூகவியலாரும் சட்டத் துறையினரும் இந்தப் பொருளில் நிறைய எழுதியிருக்கிறார்கள். மொழியியல் துறைகளிலிருந்து வந்திருக்க வேண்டிய பங்களிப்பு போதாது என்றே எண்ணுகிறேன். முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம். மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள், குறிப்பாகச் சட்டம் பயின்றோர், தங்கள் மறுப்புகளைப் பதிவு செய்யுங்கள், உரையாடுவோம்.